கடலை விண்ணிலிருந்து காண விழைந்தவர்

விடியற்காலை நேரம். நெகிரி செம்பிலானில் ஒரு பால்மரத் தோட்டம். லயத்து வீடுகளில் விளக்குகள் எரிகின்றன. வேலைக்குப் புறப்பட்டவர் வாசலுக்கு வந்து முதலில் பார்ப்பது வானத்தைத்தான். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையைச் சீவினால் பால் வெட்டுக் கோட்டின் வழியே இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழியும். மங்கில் சேரும் சிறிதளவு பாலிலும் மழைநீர் கலந்துவிடும். அதனால் மழை நீடித்தால் அன்று பால்வெட்டு இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய கூலிக்கும் உறுதி இல்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன், சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவதை மழையே முடிவு செய்தது.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால், தென்னிந்தியாவின் மீனவக் கிராமங்களிலும் மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். படகைக் கடலில் இறக்கலாமா, புயல் வருமா, மீன் எங்கே கிடைக்கும் என்பவை அவர்களுடைய கேள்விகள். தோட்டத்தில் பெய்யும் மழையும் கடலில் எழும் புயலும் பெருங்கடல்களிலிருந்தே பிறக்கின்றன. ஆனால், அந்தக் கடலை முழுமையாகப் பார்க்கும் கண் அன்று எவருக்கும் இல்லை. கப்பல் சென்ற வழியில் மட்டுமே கடலைப் பற்றிய செய்தி கிடைத்தது.

அந்தக் கண்ணை விண்ணில் வைக்கலாம் என்றும், அதை ஏழை எளியோரின் பயன்பாட்டிற்காகவே வைக்கவேண்டும் என்றும் எண்ணியவர்களுள் ஒருவர் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் அவர், தாம் கனவு கண்ட செயற்கைக்கோள்களில் ஒன்றைக்கூடக் காணாமல் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது, இன்று கடலையும் ஆற்றையும் விண்ணிலிருந்து அளக்கும் அறிவியலின் வேரை அறிந்துகொள்வதாகும்.

முதலாளியும் தொழிலாளர் தலைவியும் வாழ்ந்த குடும்பம்

விக்ரம் அம்பாலால் சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், இந்தியாவின் குஜராத் பகுதியிலுள்ள அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தை அம்பாலால் பெரும் துணி ஆலைகளின் உரிமையாளர், தாயார் சரளாதேவி. எட்டுப் பிள்ளைகள் கொண்ட அந்தக் குடும்பத்தில் செல்வத்திற்குக் குறைவே இல்லை. பிள்ளைகள் படிப்பதற்காக வீட்டு வளாகத்திலேயே பெற்றோர் ஒரு பள்ளியை நடத்தினர். காந்தியடிகள், தாகூர் போன்ற பெரியோர்கள் அவ்வீட்டிற்கு வந்து சென்றனர்.

அந்தக் குடும்பத்தில் மற்றுமொரு சிறப்பு உண்டு. விக்ரமின் அத்தை அனசூயா சாராபாய், ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடியவர். விக்ரம் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1918-இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை உரிமையாளர்கள் பக்கம் அம்பாலால் நின்றார். தொழிலாளர்கள் பக்கம் அவருடைய தமக்கை அனசூயா நின்றார். காந்தியடிகள் அந்தப் போராட்டத்தை வழிநடத்தினார். இறுதியில் தொழிலாளர்களுக்கு 35 விழுக்காடு கூலி உயர்வு கிடைத்தது. எதிரெதிர் அணியில் நின்றாலும் அக்காள் தம்பி உறவு முறியவில்லை. உழைப்பவரின் துன்பத்தை அறிந்த ஒருவரைக் குடும்பத்திலேயே பார்த்து வளர்ந்தது, விக்ரமின் பிற்கால எண்ணங்களுக்குத் துணையாக அமைந்தது எனலாம்.

சிறுவன் விக்ரமுக்கு இயந்திரங்களில் ஆர்வம் மிகுதி. வீட்டிலிருந்த பட்டறையில், தொழில் தெரிந்தவர்களின் உதவியோடு, ஓடக்கூடிய ஒரு சிறிய இரயில் இயந்திரத்தையே செய்து பார்த்தார்.

கதிர்களைத் தேடிய மாணவர்

அகமதாபாத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய விக்ரம், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1940-இல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்ததால் தாயகம் திரும்பி, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன்.

இராமனுக்கும் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1921-இல் கப்பலில் பயணம் செய்தபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நிறம் நீரில் தெரிவதால்தான் கடல் நீலமாக இருக்கிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். இராமனோ, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பதை ஆய்வின்வழிக் காட்டினார். கடலின் நிறத்திற்குள் கடலைப் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது என்னும் உண்மை பின்னாளில் செயற்கைக்கோள்களுக்கும் பயன்பட்டது.

விக்ரம் ஆராய்ந்த பொருள் அண்டக்கதிர்கள். விண்ணிலிருந்து பூமியை நோக்கி ஓயாமல் பாயும் மிக வேகமான துகள்களே அவை. பெங்களூரிலும் காஷ்மீரின் உயர்ந்த மலைப்பகுதியிலும் அவற்றை அளந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் அண்டக்கதிர்களின் தன்மையை ஆராய்ந்து 1947-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில், 1942-இல், பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனை மணந்தார். மிருணாளினியின் தமக்கை மருத்துவர் இலட்சுமி. மலேசியத் தமிழர்களுக்கு இப்பெயர் புதிதன்று. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில், ஜான்சி ராணிப் படையைத் தலைமையேற்று நடத்திய கேப்டன் இலட்சுமி அவரே. 1943-இல் சிங்கப்பூரில் உருவான அப்படையில், மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்ற அதே ஆண்டுகளில், அவர்களின் தலைவியுடைய தங்கை கணவர் மலையுச்சியில் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

சில அறைகளில் தொடங்கிய ஆய்வுக்கூடம்

இந்தியா விடுதலை பெற்ற சில மாதங்களில், 1947 நவம்பர் 11-ஆம் நாள், விக்ரம் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. ஒரு கல்விக்கூடத்தின் சில அறைகளே அதன் தொடக்க இடம். அதன் முதல் இயக்குநராக வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன் பொறுப்பேற்றார். பாலக்காட்டில் பிறந்து சென்னையில் பயின்ற அவர், இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர். அண்டக்கதிரை அறிந்த இளைஞரும் வானிலையை அறிந்த மூத்தவரும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றினர்.

விக்ரம் தொட்ட துறைகள் பல. துணித் தொழிலுக்கென ஓர் ஆய்வு நிலையம், அகமதாபாத்தில் ஒரு மேலாண்மைக் கல்விக் கழகம், மாணவர்கள் தாமே செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் மையம் ஆகியவை உருவாக அவர் காரணமாக இருந்தார். மனைவி மிருணாளினியுடன் இணைந்து ஒரு கலைப் பள்ளியையும் உருவாக்கினார்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள், சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. 1960 ஏப்ரலில் அமெரிக்கா செலுத்திய டைரோஸ் என்னும் செயற்கைக்கோள், பூமியின் மேகக் கூட்டங்களைப் படம் பிடித்து அனுப்பியது. கடலுக்குமேல் திரளும் மேகங்களை மனிதர் முதன்முறையாகத் தொடர்ந்து மேலிருந்து கண்டனர். விக்ரம் இதன் பொருளை உடனே உணர்ந்தார். பருவமழையை நம்பி வாழும் நாட்டிற்கு, மழை பிறக்கும் கடலைக் காண்பதைவிடப் பெரிய தேவை என்ன இருக்க முடியும்?

ஆனால், எதிர்ப்பும் இருந்தது. பசியும் எழுத்தறியாமையும் நிறைந்த நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டனர். அது நியாயமான கேள்வி. விக்ரம் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பணக்கார நாடுகளோடு போட்டியிட்டு நிலவுக்கு மனிதரை அனுப்புவது தம் நோக்கம் அன்று என்று தெளிவுபடுத்தினார். மழை, பயிர், நீர், கல்வி ஆகியவற்றில் மக்களின் சிக்கல்களைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் தம் நாடு பின்தங்கக் கூடாது என்பதே அவருடைய நிலை.

தும்பாவில் ஒரு தேவாலயம்

1962-இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது. விக்ரம் அதன் தலைவரானார். முதல் வேலை, ராக்கெட் ஏவ ஓரிடம் தேடுவது. பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தென்கோடி வழியாகச் செல்கிறது. அக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வலிமையான மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராயத் திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள தும்பா மிகப் பொருத்தமான இடமாக இருந்தது.

தும்பா வெற்றிடம் அன்று. அங்கே மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. தூய மகதலேன் மரியாள் தேவாலயம் அவர்களுடைய வழிபாட்டிற்கும் வாழ்விற்கும் நடுவிடமாக இருந்தது. அவர்கள் அந்த நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுக்கவேண்டும். விக்ரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைச் சந்தித்துத் தம் நோக்கத்தை எடுத்துரைத்தார். ஆயர் அதனை மக்கள் முன் வைத்தார். அறிவியலும் ஆன்மிகமும் மனிதரின் நலத்திற்கே என்பதை அவர் விளக்க, மக்கள் இசைந்தனர். அவர்களுக்கு வேறிடத்தில் வீடுகளும் புதிய தேவாலயமும் அமைந்தன.

பிறந்து வளர்ந்த கடற்கரையை விட்டுப் பெயர்வது எளிய செயலா? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் வழிவந்தோர்க்கு இதன் வலி விளங்கும். அந்த மீனவர்கள் நாட்டிற்குக் கொடுத்தது ஒரு பெரிய கடன். அதை எவ்வாறு திருப்பிக் கொடுப்பது என்பது அன்றே எழுந்த கேள்வி.

தேவாலயக் கட்டடம் ஆய்வாளர்களின் பணியிடமாக மாறியது. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியிலும் கொண்டு செல்லப்பட்டன. இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்த இளம் பொறியாளர் ஏ. பி. ஜெ. அப்துல் கலாமும் அக்குழுவில் இருந்தார். 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலையில், அமெரிக்கா வழங்கிய நைக்கி அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து பாய்ந்தது. அது உயரத்தில் வெளியிட்ட சோடியம் ஆவி, அந்திவானில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. 1967 நவம்பரில், இந்தியாவிலேயே உருவான ரோகிணி என்னும் சிறு ராக்கெட்டும் அங்கிருந்து பறந்தது.

தென்னை காட்டிய வழி

1966 சனவரியில், அணுசக்தி ஆணையத் தலைவர் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். அப்பொறுப்பும் விக்ரமின் தோளில் ஏறியது. இரு பெரும் துறைகளையும் அவரே சுமந்தார். 1969 ஆகஸ்டு 15-ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ பிறந்தது.

அக்காலத்தில் விக்ரம் ஊக்குவித்த ஒரு சிறிய சோதனை, பின்னர் வந்த பெரிய மாற்றத்திற்கு விதையாக அமைந்தது. கேரளத்துத் தென்னைகளை வேர்வாடல் நோய் தாக்கியிருந்தது. வானிலை அறிஞர் பி. ஆர். பிஷரோட்டியின் தலைமையில், 1970-இல், ஹெலிகாப்டரில் பறந்து தென்னந்தோப்புகளை அகச்சிவப்பு ஒளியை உணரும் படச்சுருளில் படம் பிடித்தனர். நலமான இலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கும். நோயுற்ற இலை குறைவாகப் பிரதிபலிக்கும். எனவே, நோயுற்ற மரங்களைத் தொடாமலே மேலிருந்து பிரித்தறிய முடிந்தது. பொருளைத் தொடாமல் தொலைவிலிருந்தே அறியும் இம்முறைக்குத் தொலையுணர்தல் என்று பெயர்.

இதே முறை நீருக்கும் பொருந்தும். இலை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நீரோ அதை விழுங்கிவிடுகிறது. அதனால், அத்தகைய படத்தில் ஆறும் ஏரியும் குளமும் கரிய நிறத்தில் தெளிவாகத் தெரியும். தென்னையை ஆராய்ந்த கருவியை இன்னும் உயரத்தில், ஒரு செயற்கைக்கோளில் பொருத்தினால், நாடு முழுவதிலும் நீர் எங்கே உள்ளது, எங்கே வற்றுகிறது என்பதைக் காணலாம். 1970-இல் விக்ரம் முன்வைத்த பத்தாண்டுத் திட்டத்தில், இந்தியாவே செயற்கைக்கோள்களையும் அவற்றை ஏவும் ராக்கெட்டுகளையும் உருவாக்கவேண்டும் என்ற இலக்கு இடம்பெற்றது. சிற்றூர் மக்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கவும் அவர் நாசாவுடன் உடன்பாடு கண்டார்.

பாதியில் நின்ற பயணம்

1971 டிசம்பர் இறுதியில் விக்ரம் தும்பாவிற்கு வந்து பணிகளைப் பார்வையிட்டார். அருகிலுள்ள கோவளம் கடற்கரை விடுதியில் தங்கினார். டிசம்பர் 30-ஆம் நாள், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 52 மட்டுமே. அன்று இந்தியாவிற்கென ஒரு செயற்கைக்கோள்கூட விண்ணில் இல்லை.

தலைவர் மறைந்தாலும் பணி நிற்கவில்லை. அவர் கட்டடங்களை மட்டுமன்றி மனிதர்களையும் உருவாக்கியிருந்தார். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த யு. ஆர். ராவின் தலைமையில் உருவான ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் ராக்கெட்டில் விண்ணேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டுக்கு, ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி ஒளிபரப்பானது. அப்துல் கலாமின் குழு உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1979-இல் முதல் முயற்சியில் வங்கக் கடலில் விழுந்தது. 1980 சூலை 18-ஆம் நாள் வெற்றி பெற்றது.

நீரைக் காணும் கண்கள்

1979 சூன் 7-ஆம் நாள் விண்ணேறிய பாஸ்கரா செயற்கைக்கோளில்தான் விக்ரமின் எண்ணம் கடலைத் தொட்டது. நிலத்தையும் நீர்நிலைகளையும் படம் பிடிக்கும் கருவிகளோடு, கடற்பரப்பிலிருந்து இயல்பாக வெளிப்படும் நுண்ணலைகளை அளக்கும் கருவியும் அதில் இருந்தது. கடற்பரப்பின் நிலையையும் அதற்கு மேலுள்ள காற்றின் ஈரத்தையும் அறிய அது உதவியது. 1999 மே 26-ஆம் நாள், கடல் ஆய்வுக்கென்றே உருவான ஓஷன்சாட்-1 ஏவப்பட்டது. 2013-இல் இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய சரல் விண்ணேறியது.

இச்செயற்கைக்கோள்கள் கடலை எவ்வாறு அறிகின்றன? மூன்று வழிகளைக் காண்போம்.

முதலாவது, நிறம். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவர உயிர்கள் மிதக்கின்றன. அவற்றிலுள்ள பச்சையம் நீரின் நிறத்தை மாற்றும். அவை மிகுந்த இடத்தை நாடி மீன்கள் வரும். இராமன் சிந்தித்த கடல்நிறம் இவ்வாறு மீனவருக்குப் பயனாகிறது.

இரண்டாவது, வெப்பம். கடற்பரப்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அதன் வெப்பநிலையை அறியலாம். மிகுந்த வெப்பமுள்ள கடற்பகுதி புயலுக்கு வலுவூட்டும்.

மூன்றாவது, உயரம். செயற்கைக்கோள் ரேடார் அலையைக் கீழே அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 1992-இல் அமெரிக்காவும் பிரான்சும் ஏவிய டோபெக்ஸ் போசைடன் 1336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அவ்வளவு தூரம் சென்று திரும்ப அலைக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நேரமே தேவைப்படும். அந்த நேரத்தை மிகத் துல்லியமாக அளந்து, கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் பிழைக்குள் கணக்கிட்டனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி எழுந்தபோது, இதே வகையைச் சேர்ந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலுக்குமேல் கடந்தது. ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மட்டுமே என்பதை அது பதிவுசெய்தது. கரையை நெருங்கியபின் அந்த அலை எத்துணை உயர்ந்து எழுந்தது என்பதைத் தமிழகமும் இலங்கையும் பினாங்கும் கெடாவும் துயரத்தோடு அறியும். அன்று அந்தப் பதிவு உடனுக்குடன் கைக்குக் கிடைக்கவில்லை. மக்களை எச்சரிக்கவும் உதவவில்லை. கண் இருந்தால் மட்டும் போதாது, கண்டதை உரிய நேரத்தில் கரைக்குச் சொல்லும் வழியும் வேண்டும் என்பதே அந்தத் துயரம் கற்பித்த பாடம். 2007-இல் இந்தியாவின் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

அந்த மையத்தை நடத்தும் கடல் தகவல் நிறுவனமே, கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் கணித்து மீனவர்களுக்கு அறிவிக்கிறது; உயர்ந்த அலைகளைப் பற்றியும் முன்னறிவிக்கிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013-இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலின்போது, செயற்கைக்கோள்களும் ரேடார்களும் புயலைத் தொடர்ந்து கண்காணிக்க, சுமார் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துப் பேரோடு நின்றது. தும்பா மீனவர்கள் கொடுத்த கடன் கடற்கரை மக்களுக்கு இவ்வாறு சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது.

தோட்டத்து வாசலில்

விண்ணிலிருந்து நீரைக் காணும் முயற்சியில் மலேசியாவும் இறங்கியது. 1988-இல் மலேசியத் தொலையுணர்வு மையம் உருவானது. அதன் பணிகளை இன்று மலேசிய விண்வெளி நிறுவனம் தொடர்கிறது. 2009 சூலை 14-ஆம் நாள், ரசாக்சாட் என்னும் மலேசியச் செயற்கைக்கோள் விண்ணேறியது. வழக்கமான செயற்கைக்கோள்கள் நம் நாட்டைக் கடக்கும் நேரத்தில் பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். எனவே, மேகமற்ற தருணத்தைப் பிடிக்க, அது நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் அடிக்கடி சுற்றிவருமாறு அமைக்கப்பட்டது. அது ஏறத்தாழ ஓராண்டிலேயே செயலிழந்தது. முதல் முயற்சிகள் தடுமாறுவது விண்வெளித் துறையில் புதிதன்று.

மேகத்தை ஊடுருவிப் பார்க்க ரேடார் செயற்கைக்கோள்கள் உள்ளன. 2021 டிசம்பரில் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட பல மாநிலங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அத்தகைய நாள்களில் வானம் மூடியிருந்தாலும், எந்தப் பகுதி நீரில் மூழ்கியுள்ளது என்பதை ரேடார் படம் காட்டும். போர்ட் டிக்சன் கடற்கரையை ஒட்டிய மலாக்கா நீரிணை, உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளுள் ஒன்று. அங்கே எண்ணெய் கசிந்தால் சிற்றலைகள் அடங்கிவிடும். அந்த இடம் ரேடார் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட சுவாட் செயற்கைக்கோள், 100 மீட்டருக்கு மேல் அகன்ற ஆறுகளின் நீர்மட்டத்தையும் அளக்கிறது. ஆற்றங்கரையில் அளவுகோல் இல்லாத நாடுகளுக்கும் அந்தத் தகவல் கிடைக்கிறது.

விக்ரம் சாராபாயின் பெயரைத் தும்பாவிலுள்ள விண்வெளி மையம் தாங்கி நிற்கிறது. நிலவிலுள்ள ஒரு பள்ளத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஆயினும், அவருடைய வாழ்வின் அளவுகோலை வேறிடத்தில் தேடவேண்டும்.

இன்றும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியலுக்கு முன் விளக்குகள் எரிகின்றன. பால்மரங்கள் நின்ற பல நிலங்களில் செம்பனை நிற்கிறது. வேலைக்குப் புறப்படுபவர் இன்றும் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். பிறகு கைப்பேசியை எடுத்து, மழைமேகம் எங்கே திரண்டிருக்கிறது என்று காட்டும் படத்தைப் பார்க்கிறார். படகை இறக்கப்போகும் மீனவரும் அவ்வாறே பார்க்கிறார். விண்ணில் வைக்கும் கண் உழைப்பவருக்குப் பயன்படவேண்டும் என்று விக்ரம் சாராபாய் எண்ணியது இந்த ஒரு நொடிக்காகத்தான்.